நகரத்து வீட்டுக் காய்கறித் தோட்டம்: வரவு என்ன, செலவு என்ன?

உழவர்களுக்கான இதழில் நகரத்து மொட்டை மாடியைப் பற்றி எழுதுவானேன் என்று உங்களுக்குத் தோன்றலாம். காரணம் இருக்கிறது. எங்கள் பல்கலைக்கழகத்தில் நடந்த காய்கறிச் சாகுபடிப் பயிற்சியொன்றில், தொண்டாமுத்தூர்ப் பக்கத்திலிருந்து வந்திருந்த உழவர் ஒருவர் எழுந்து, "ஏனுங்க சார், டவுன்காரங்க எல்லாரும் மாடியிலயே கத்தரிக்காய் போட்டுக்கிட்டாங்கன்னா, எங்க கத்தரிக்காயை யாருங்க வாங்குவாங்க?" என்று கேட்டார். கூட்டம் சிரித்தது. ஆனால் அவர் சிரிக்கவில்லை. அவருக்கு அது பிழைப்புப் பற்றிய கேள்வி. அன்று நான் சொன்ன பதில் எனக்கே நிறைவாக இல்லை. ஆகவே என் வீட்டு மாடித் தோட்டத்தின் கணக்கு நோட்டையே எடுத்துவைத்துக்கொண்டு இங்கே விடை சொல்ல முயல்கிறேன்.

2011-ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கின்படி தமிழ்நாட்டில் நூற்றுக்கு 48 பேர் நகரவாசிகள். உங்களில் பலருடைய மகனோ மகளோ கோவையிலோ, திருப்பூரிலோ, சென்னையிலோ வாடகை வீட்டில் குடியிருப்பார்கள். அவர்களுக்கும் இக்கணக்கு பயன்படும். உங்கள் வீட்டுக் கொல்லைக்கு இன்னும் அதிகமாகவே பயன்படும். அதைப் பின்னால் சொல்கிறேன்.

எந்த விலையில் மதிப்பிடுவது?

வீட்டில் விளைந்த ஒரு கிலோ கத்தரிக்காயின் மதிப்பு என்ன? மண்டியில் விற்றால் கிடைக்கும் விலையா, கடையில் வாங்கினால் கொடுக்க வேண்டிய விலையா? விற்பதற்காக விளைவித்தால் மண்டி விலை. வீட்டில் சமைத்துச் சாப்பிட்டால் கடை விலை. ஏனெனில் அந்தக் காசு நம் கையைவிட்டுப் போகாமல் நிற்கிறது. இவ்விரண்டு விலைகளுக்கும் இடையேயுள்ள தொலைவு உங்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. இந்திய ரிசர்வ் வங்கி 2024-இல் வெளியிட்ட ஓர் ஆய்வுக் கட்டுரை, நுகர்வோர் தக்காளிக்குக் கொடுக்கும் ஒரு ரூபாயில் விளைவித்தவருக்குச் சேருவது சுமார் 33 காசு என்றும், வெங்காயத்தில் 36 காசு, உருளைக்கிழங்கில் 37 காசு என்றும் கணக்கிட்டுள்ளது. ஏற்றுகூலி, வண்டி வாடகை, தரகு, அழுகல் கழிவு, கடைக்காரர் இலாபம் எல்லாம் மீதியில் அடங்கும். 1999-இல் மதுரையில் முதல் உழவர் சந்தையைத் திறந்ததும் இந்த இடைவெளியைக் குறைக்கத்தான்.

மாடியில் கத்தரி வளர்ப்பவர் உங்களைவிடத் திறமையான விவசாயி அல்லர். அவருடைய உற்பத்திச் செலவு உங்களுடையதைப்போல் பல மடங்கு. ஆயினும் அவருக்குக் கட்டுப்படியாகிறது என்றால், அவர் போட்டியிடுவது உங்கள் விலையோடு அன்று, கடை விலையோடு.

இரண்டு ஆண்டுக் கணக்கு

கோவை நகரில் வாடகை வீட்டின் மாடியில் நாங்கள் தோட்டம் போட்டோம். வீட்டில் நான்கு பேர். செடிகளைப் பார்த்துக்கொண்டவர் பெரும்பாலும் என் தாயார். ஊரில் நாற்பது ஆண்டுகள் காடு கழனியில் உழைத்தவர். நான் செய்ததெல்லாம் எடை போட்டு நோட்டில் எழுதியதுதான். பறித்த காயை எடைபோட்டு, அன்றைய தெருக்கடை விலையில் மதிப்பிட்டு எழுதினோம்.

2022 ஆடியில் 30 பைகளும், தார்ப்பாயில் தைத்த தாழ்வான படுக்கைகள் இரண்டும் வைத்துத் தொடங்கினோம். படுக்கை ஒவ்வொன்றும் 1 சதுர மீட்டர். பைகளுக்கும் படுக்கைகளுக்கும் ரூ.1,200, தென்னை நார்க்கழிவு, மண், மண்புழு உரம் ஆகியவற்றுக்கு ரூ.2,600, நிழல்வலைக்கும் கம்புகளுக்கும் ரூ.1,500, விதை, நாற்று ரூ.500, பூவாளியும் சில்லறைச் சாமான்களும் ரூ.200. இது போக எதிர்பாராத செலவு ஒன்று. பைகளைத் தளத்தின்மேல் நேராகவே வைத்துவிட்டோம். ஐப்பசி மழையில் தண்ணீர் வடிய வழியின்றித் தேங்கி, கீழ்வீட்டுக் கூரையில் ஈரம் பூத்துவிட்டது. வீட்டுக்காரர் எல்லாவற்றையும் அப்புறப்படுத்தச் சொன்னார். அவர் கோபத்தில் நியாயம் இருந்தது. வேளாண்மை படித்தவன் வடிகாலை மறந்தால் வேறென்ன சொல்வார்? செங்கலும் தடித்த தார்ப்பாயும் வாங்கிப் பைகளைத் தரையிலிருந்து உயர்த்தி வைக்க ரூ.900 ஆயிற்று. ஆக முதலாண்டுச் செலவு ரூ.6,900. கிடைத்தது 74 கிலோ; மதிப்பு ரூ.4,200. நட்டம் ரூ.2,700.

அந்த ஆண்டு நாங்கள் பயிரிட்டவற்றில் காலிபிளவரும் குடைமிளகாயும் இருந்தன. பார்க்க அழகாக இருக்கும் என்பது என் ஆசை. மார்கழியில் ஒரு நாள் தாயார் சொன்னார்: "இந்தப் பூ மூணு மாசம் பையை அடைச்சுக்கிட்டு ஒண்ணே ஒண்ணு குடுக்குது. அந்த எடத்துல மூணு தரம் கீரை புடுங்கலாமே, கண்ணு." நான் வகுப்பில் பரப்பு, காலம், விளைச்சல் என்று விளக்குவதை அவர் ஒரே வாக்கியத்தில் முடித்துவிட்டார்.

இரண்டாம் ஆண்டு காலிபிளவரையும் குடைமிளகாயையும் விட்டோம். கீரைப் படுக்கைகளை இரண்டிலிருந்து ஆறாக உயர்த்தினோம். பைகளில் கத்தரி, மிளகாய், வெண்டை, குத்து அவரை, கறிவேப்பிலை, புதினா என்று வைத்தோம். புதிய படுக்கைகளுக்கு ரூ.1,300, விதைக்கு ரூ.250, உரத்துக்கு ரூ.350 என ரூ.1,900 செலவு. கிடைத்தது 118 கிலோ. அதில் பாதிக்கு மேல் கீரை. மதிப்பு ரூ.7,300. மிச்சம் ரூ.5,400. இரண்டாண்டையும் சேர்த்துப் பார்த்தால் நிகர மிச்சம் ரூ.2,700, மாதம் ஒன்றுக்கு ரூ.112-க்குச் சற்று மேல். இதைக் கேட்டு யாரும் வேலையை விட்டுவிட்டு மாடி ஏற மாட்டார்கள்.

உழைப்பையும் கணக்கில் சேர்க்க வேண்டும் அல்லவா? நாளொன்றுக்கு அரை மணி நேரம் என்று கொண்டால் ஆண்டுக்கு 180 மணிக்கு மேல். இரண்டாம் ஆண்டின் ரூ.5,400-ஐ இதனால் வகுத்தால் மணிக்குச் சுமார் ரூ.30 வருகிறது. காட்டு வேலைக்கு ஆள் கூப்பிடும் உங்களுக்கு இது எவ்வளவு அற்பம் என்று தெரியும். கூலிக்கு ஆள் வைத்து மாடித் தோட்டம் போட்டால் நட்டம்தான். அந்த அரை மணிக்கு வேறு கூலி கிடைக்காதவர், அல்லது அந்த வேலையையே விரும்பிச் செய்பவர் வீட்டில் இருந்தால் மட்டுமே கணக்கு நேராகும். ஊரைவிட்டு நகரத்துக்கு வந்து, நாள் முழுதும் சுவரைப் பார்த்துக்கொண்டிருக்கும் பெரியவர்கள் பல வீடுகளில் உண்டு. என் தாயாருக்கு அந்த அரை மணி நேரம் போதவில்லை. அது வேறு கணக்கு.

விளைந்ததும் மிஞ்சியதும்

இங்கே பலர் செய்யும் ஒரு தவற்றைச் சுட்டிக்காட்ட வேண்டும். ரூ.7,300 மதிப்புக்கு விளைந்தது என்றால் கடைச் செலவு அவ்வளவு குறைந்தது என்று பொருளல்ல. எங்கள் காய்கறிச் செலவை முந்திய ஆண்டோடு, விலை ஏற்றத்தாழ்வைத் தள்ளிவிட்டு ஒப்பிட்டேன். குறைந்தது ஏறத்தாழ ரூ.4,000 மட்டுமே. மீதி எங்கே போயிற்று? முன்பு வாரம் இரு நாள் கீரை சமைத்த வீட்டில் ஐந்து நாள் சமைத்தோம். பக்கத்து வீடுகளுக்குக் கறிவேப்பிலையும் மிளகாயும் போயின. பணமாக மிஞ்சாவிட்டாலும் உணவாகச் சேர்ந்தது.

இதை அலட்சியப்படுத்தக் கூடாது. ஐதராபாத்திலுள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2024-இல் வெளியிட்ட உணவு வழிகாட்டியில் ஆளொன்றுக்கு நாளொன்றுக்குக் காய்கறி, கீரை வகைகள் 400 கிராம் வேண்டும் என்கிறது. நான்கு பேர் குடும்பத்துக்கு ஆண்டுக்கு 584 கிலோ. கடையில் பணம் கொடுத்து வாங்கும்போது குடும்பத் தலைவி முதலில் கைவைப்பது கீரையிலும் காயிலும்தான். மாடியில் இருந்தால் கை தானாகப் பறிக்கிறது.

அந்த உழவருக்குரிய விடையும் இதே எண்ணில் இருக்கிறது. வேண்டியது 584 கிலோ. நன்றாகப் பராமரித்த எங்கள் மாடி கொடுத்தது 118 கிலோ. ஐந்தில் ஒரு பங்கு. தக்காளி, வெங்காயம், காரட், முட்டைக்கோசு, உருளை ஆகியவற்றை முன்போலவே கடையில் வாங்கினோம். எங்களிடம் வியாபாரம் இழந்தவர் ஒருவர் உண்டு. தெருவில் கீரைக்கட்டு கொண்டுவரும் அம்மாள். நகரை ஒட்டிக் கீரை மட்டுமே போடுவோர் இதைக் கவனத்தில் கொள்வது நல்லது. மற்றவர்கள் அஞ்ச வேண்டியதில்லை.

எதைப் பயிரிட்டால் கட்டுப்படியாகும்?

நம் சிபாரிசுப் புத்தகங்களில் விளைச்சலை எக்டருக்கு இத்தனை டன் என்று போட்டிருப்போம். அதைப் பத்தால் வகுத்தால் சதுர மீட்டருக்கு எத்தனை கிலோ என்று கிடைத்துவிடும். முளைக்கீரை 25 நாளில் எக்டருக்குச் சுமார் 10 டன் தரும்; அதாவது சதுர மீட்டருக்கு 1 கிலோ. கோ 3 கிள்ளுக்கீரையை மூன்று மாதத்தில் பத்து முறை வரை கிள்ளிச் சுமார் 30 டன் எடுக்கலாம்; அதுவும் மாதம் ஒன்றுக்குச் சதுர மீட்டருக்கு 1 கிலோ என்றே ஆகிறது. வெண்டை மூன்று மாதத்துக்கு மேல் நின்று தருவது 12 முதல் 15 டன். மாதத்துக்கு அரைக் கிலோவை எட்டாது. இடம் குறைந்த நகரத்தில், மாதம் ஒன்றுக்கு ஒரு சதுர மீட்டர் எவ்வளவு தருகிறது என்பதுதான் அளவுகோல்.

ஆளுக்கு நாளொன்றுக்கு 50 கிராம் கீரை என்று வைத்துக்கொண்டால் நான்கு பேருக்கு மாதம் 6 கிலோ. 6 சதுர மீட்டர் படுக்கை போதும். எல்லாக் காயையும் மாடியில் விளைவிக்க முடியாது. ஆனால் வீட்டுக்கு வேண்டிய கீரை பெரும்பாலும் விளைவிக்கலாம். வெட்டிய சில மணி நேரத்தில் வாடிவிடும் கீரை, கொத்தமல்லி, புதினா போன்றவற்றில்தான் கடைக்காரருக்குக் கழிவு அதிகம். அந்தக் கழிவுக்கும் சேர்த்துத்தான் நாம் விலை கொடுக்கிறோம். மாறாக, வெங்காயம், உருளை போன்று நாள்பட இருப்பவற்றை மாடியில் போடுவதில் பொருளில்லை.

வீட்டில் விளைந்தால் விலை உயர்வு நம்மைத் தொடாது என்று சிலர் நினைக்கிறார்கள். 2023 ஜூலையில் தக்காளி கிலோ ரூ.100-ஐத் தாண்டியபோது, தமிழக அரசு நியாய விலைக் கடைகளில் கிலோ ரூ.60-க்கு விற்றது நினைவிருக்கும். அப்போது எங்கள் தக்காளிப் பைகள் நான்கிலும் காய் இல்லை. கடும் வெயிலில் பூ உதிர்ந்துவிட்டது. வயலில் எந்த வெப்பம் காய்ப்பைக் குறைத்து விலையை ஏற்றியதோ, அதே வெப்பம் மாடியில் இன்னும் கடுமையாக அடித்தது. தளத்தின் சூடு வேறு. ஆகவே மாடித் தக்காளியைக் காப்பீடாகக் கருத வேண்டாம். கறிவேப்பிலை, மிளகாய், குத்து அவரை ஆகியவை ஓரளவு நின்று கொடுக்கும்.

செலவைக் குறைக்கும் வழி

முதலாண்டு நட்டத்தில் பெரும்பகுதி வேண்டாத செலவே. நிழல்வலை ரூ.1,500-க்குத் தேவையில்லை, கோடை மூன்று மாதத்துக்குப் பழைய வேட்டியோ சேலையோ கட்டினால் போதும் என்பதை இரண்டாம் ஆண்டில் கண்டோம். தமிழக அரசின் தோட்டக்கலைத் துறை 2021-இல், 6 பைகள், 2 கிலோ எடையுள்ள 6 தென்னை நார்க்கழிவுக் கட்டிகள், 6 வகை விதைகள், உயிர் உரம் முதலியன அடங்கிய ரூ.900 மதிப்புள்ள மாடித்தோட்டத் தளையை ரூ.225-க்கு வழங்கியது. முழு விலையில் பைக்கு ரூ.150 ஆகும் இடத்தில் மானியத்தில் ரூ.37.50-தான். மானியம் ஆண்டுக்காண்டு மாறக் கூடியது; அந்தந்த வட்டாரத் தோட்டக்கலை அலுவலரிடம் கேட்டறிந்தபின் வாங்கவும்.

நார்க்கழிவை அப்படியே நிரப்பாமல் ஊறவைத்து, இரண்டு மூன்று முறை நீர் மாற்றிப் பிழிந்தபின் பயன்படுத்த வேண்டும். இல்லையேல் அதிலுள்ள உப்பு நாற்றைக் கருக்கும். நார்க்கழிவு, செம்மண், மக்கிய தொழு உரம் மூன்றும் சம அளவு கலந்தால் நல்லது. வெறும் மண்ணை நிரப்ப வேண்டாம். ஒரு கன அடி ஈர மண் 45 கிலோவுக்குக் குறையாது. படுக்கைகளை நடுத்தளத்தில் வைக்காமல், அடியில் சுவரோ உத்திரமோ உள்ள ஓரமாகவே வைக்க வேண்டும். அசுவினி, வெள்ளை ஈ தோன்றினால் 50 கிராம் வேப்பங்கொட்டைப் பருப்பை இடித்து 1 லிட்டர் நீரில் இரவு முழுதும் ஊறவைத்து வடிகட்டி, சிறிது காதி சோப்புக் கரைத்துத் தெளிக்கலாம்.

தண்ணீர்தான் கணக்கைக் கவிழ்க்கும். சாதாரண நாளில் படுக்கைக்குச் சதுர மீட்டருக்கு 5 லிட்டர், பைக்கு 1 முதல் 1½ லிட்டர் வேண்டும். எங்கள் தோட்டத்துக்கு நாளொன்றுக்கு 75 லிட்டர் வரை ஆயிற்று. கோடையில் இன்னும் கூடுதல். அரிசி, காய் கழுவிய நீர் இதில் ஒரு பகுதியை ஈடுசெய்யும். லாரித் தண்ணீர் விலைக்கு வாங்கும் தெருவில் தோட்டம் போடாதீர்கள் என்று உங்கள் பிள்ளைகளிடம் தயங்காமல் சொல்லுங்கள். 2019 ஜூலையில் ஜோலார்பேட்டையிலிருந்து சென்னைக்கு இரயிலில் குடிநீர் போயிற்று. அத்தகைய கோடையில் பைகளைக் கவிழ்த்து வைப்பதே சிக்கனம்.

உங்கள் கொல்லையில்

இனி உங்கள் வீட்டைப் பற்றி. தக்காளி அரை ஏக்கர், வெண்டை கால் ஏக்கர் என்று போட்டு மண்டிக்கு அனுப்பிவிட்டு, வாரச் சந்தையில் கத்தரியும் கீரையும் விலைக்கு வாங்கும் உழவர் குடும்பங்கள் ஏராளம். விற்கும்போது ரூபாயில் 33 காசு வாங்குகிறோம். வாங்கும்போது முழு ரூபாய் கொடுக்கிறோம். ஒரு கிலோ வாங்க மூன்று கிலோ விற்க வேண்டியிருக்கிறது. நகரத்தாருக்குப் பையும் நார்க்கழிவும் வாங்கிய பிறகே தோட்டம். உங்களுக்கு மண், எரு, கிணற்றடியிலும் குளியலறையிலும் வடியும் நீர் எல்லாம் செலவின்றி உள்ளன. 5 சென்ட், அதாவது ஏறத்தாழ 200 சதுர மீட்டர் இருந்தால் போதும். ஐந்து பேர் குடும்பத்துக்கு ஆண்டுக்கு வேண்டிய 730 கிலோவுக்குச் சதுர மீட்டருக்கு 3.65 கிலோ எடுத்தால் சரியாகிவிடும். ஆண்டுக்கு இரண்டு மூன்று பயிர் எடுக்கும் இடத்தில் இது பெரிய விளைச்சலே அல்ல. வேலியோரம் பி.கே.எம். 1 முருங்கை இரண்டு, கிணற்றடியில் கறிவேப்பிலை ஒன்று வைத்துவிட்டால் அவற்றைப் பற்றி மறந்துவிடலாம்.

நகரத்து மாடியில் உங்களுக்கு ஒரு வியாபாரமும் உண்டு. மாடித் தோட்டக்காரர் ஒருவருக்கு வேண்டியது ஆறு கத்தரி நாற்று, ஆறு மிளகாய் நாற்று. விதைப் பொட்டலம் வாங்கினால் பாதி வீணாகிறது. முளைக்கவைக்கவும் பலருக்குத் தெரிவதில்லை. என் தாயாரைக் கேட்டு நாற்று வாங்கிப்போனவர்கள் எங்கள் தெருவிலேயே ஏழெட்டு வீட்டார். 98 குழிகள் கொண்ட குழித்தட்டு ஒன்றில் நீங்கள் வளர்க்கும் நாற்று இப்படிப்பட்ட எட்டு வீடுகளுக்குப் போதும். சலித்த மண்புழு உரத்துக்கும் தேவை இருக்கிறது. முறையாகக் கடை வைத்து விற்பதானால் உரிமம் வேண்டுமா என்பதை முன்கூட்டியே வேளாண்மை அலுவலரிடம் கேட்டுக்கொள்ளவும்.

ஆடி கடைசியில் நாற்று கொடுக்க வேண்டுமானால் மிளகாயை ஆனி நடுவிலும், கத்தரியை ஆனி கடைசி வாரத்திலும், தக்காளியை ஆடி முதல் வாரத்திலும் விதைக்க வேண்டும். கொடுப்பதற்கு நான்கைந்து நாள் முன்பிருந்தே நீரைக் குறைத்து, நிழலிலிருந்து வெயிலுக்கு மாற்றி நாற்றைக் கடினப்படுத்தவும். நிழலிலேயே வளர்ந்த நாற்று மொட்டை மாடி வெயிலில் இரண்டு நாள் நிற்காது.